சைலன்சர் சூடு

அவளுடைய கதையை அவன் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் என்றால் கூடப்பிறந்த அண்ணன், நல்லசிவம். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் அந்த நீல நிறக் கார்.

அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

கோவையில் மசில் கார் எனப்படும், பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார்களின் கண்காட்சி. குடும்பத்தோடு நின்றால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டிருந்தான். போட்டோவுக்காக அவள் வரவில்லை. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் கார் தார்ப்பாயை விட்டு வெளியே வரும். அதைப் பார்க்க வந்தாள்.

அறிவிப்பாளன் ஒவ்வொரு காராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான். இந்த மசில் கார் மேல உங்களுக்கு முதன்முதலா எப்ப சார் ஆசை வந்துச்சு?

"எனக்கு அப்ப எட்டு வயசுங்க. மெட்ராஸ்ல ஒரு அமெரிக்க எஞ்சினியரு ஊருக்குத் திரும்பிப் போறாருன்னு அவருகிட்ட வாங்கி அப்பா ஓட்டிட்டு வந்தாரு. வாசல்ல நின்னு உறுமுது. வீட்ல பாத்திரமெல்லாம் ஆடுது. நான் பின்னால போயி சைலன்சர்ல கைய வெச்சுட்டனுங்க. சூடுன்னா அப்பிடியொரு சூடு. ஆனா எடுக்க மனசில்லீங்க. அம்மா ஓடியாந்து பேனா மைய ஊத்துனாங்க. அன்னைக்கு விழுந்தவன்தான், இன்னும் எந்திரிக்கல."

கூட்டம் கைதட்டியது.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

எட்டு வயது அவளுக்கு. அவனுக்குப் பதினொன்று. கார் உறுமியபோது இந்த வீரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினான். சாணிக் கூடைக்குப் பின்னாலிருந்து அவனை இழுத்துவர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

கை வைத்தது அவள்.

அந்த நடுக்கம் உள்ளங்கையில் ஏறி, முழங்கையைத் தாண்டி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்ததும் அவளுக்குத்தான். தோல் கருகும் வாசம் வந்த பிறகுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள். ஊற்றியது நீல மை. காரின் நிறம் கைக்கும் வந்துவிட்டதென்று அழுகைக்கு நடுவே அவள் சிரித்தாள்.

அவனுக்கு வாய் கூசவில்லை. மையைக்கூட விட்டுவைக்கவில்லை.

தோட்டம் அவனுக்குப் போனது. வீடும் போனது. பெண்ணுக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இன்னும் என்ன என்று பேச்சை முடித்தார்கள். அவள் பங்கு கேட்கவில்லை. அப்பாவின் காரியம் முடிந்த அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

காரை எனக்குக் கொடு.

"அத வெச்சுட்டு நீ என்ன பாப்பா பண்ணுவ?" என்று சிரித்தான். பந்தியில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்பாவுக்குக் கால் விழுந்த வருடங்களில் வாராவாரம் பஸ் ஏறி வந்து அந்த எஞ்சினை ஓடவிட்டவள் அவள். அப்பா கட்டிலில் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நல்லசிவம் அப்போது திருப்பூரில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிவிப்பாளன் விடுவதாக இல்லை. "தழும்பு இருக்குங்களா சார்?"

"அதெல்லாம் எப்பவோ மறைஞ்சு போச்சுங்க."

அவள் கையில் பாட்டில் நசுங்கியது.

கார்கள் ஒவ்வொன்றாக மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். நல்லசிவத்தின் முறை வந்தது. இடப்பக்கம் ஸ்டீயரிங் இருக்கிற கார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது அப்படி மிதிக்கக் கூடாது. மிதித்தால் பெட்ரோல் நிரம்பி மூச்சடைத்துவிடும். ஒவ்வொரு வருடமும் இதைத்தான் செய்கிறான். ஒவ்வொரு வருடமும் நாலு பேர் தள்ளுகிறார்கள். காதல் வந்தவன் லட்சணம் இது.

பெட்ரோல் நெடி வீசியது. மறுபடியும் மிதித்தான். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பின்னால் நின்ற கார் ஹாரனை அமுக்கியது.

கழுத்தெல்லாம் வியர்க்க அவளைப் பார்த்தான்.

"பாப்பா..."

இத்தனை பேர் முன்னால் மானம் போகட்டும் என்று நின்றிருக்கலாம். நிற்கத்தான் நினைத்தாள். ஆனால் அங்கே திணறிக்கொண்டிருந்தது கார்.

"எறங்குண்ணா."

இறங்கினான். தண்ணீர் பாட்டிலை அவன் கையில் திணித்தாள்.

உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை அடிவரை அமுக்கிப் பிடித்தாள். அசைக்கவில்லை. சாவியைத் திருப்பினாள்.

இருமியது. கரும்புகையைக் கக்கியது.

பிறகு உறுமியது.

அந்த நடுக்கம் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

அறிவிப்பாளன் ஜன்னலுக்கு ஓடிவந்து மைக்கை நீட்டினான். "மேடம், நீங்க ஒரு வார்த்தை..."

அவள் கையை வெளியே நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் சைலன்சர் வாயின் பாதி வளைவு, தழும்பாக.

அறிவிப்பாளன் அதைப் பார்த்தான். திரும்பி நல்லசிவத்தைப் பார்த்தான்.

மைக் தாழ்ந்தது.

மைதானத்தைச் சுற்ற வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

ரோட்டுக்குப் போகும் வாசல் நேர் எதிரே திறந்து கிடந்தது.

அவள் கியரைப் போட்டாள்.