மூச்சைப் பிடித்த பிரிண்டர்

ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒரு பிரிண்டர் இருந்தது. சிவப்பு மையைக் கொஞ்சம் தூக்கலாக விடுவது அதன் பழக்கம்.

"கல்யாணப் பொண்ணோட மாம்பழ மஞ்சள் புடவையை ஆரஞ்சாக்கிட்டியே! இன்னொரு தடவை இப்படி வந்தா உன்னை மூலையில போட்டுடுவாங்க" என்றது பக்கத்திலிருந்த மானிட்டர்.

அன்று நிறத்தை அளந்து திருத்தும் கருவி வந்து இறங்கியது. பிரிண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டம் கட்டமாக நிறங்கள் அடங்கிய சோதனைத் தாளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிவப்பை அடக்கி அடக்கி அச்சடித்தது. கருவி ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தது.

"பிரமாதம்! உனக்குத் திருத்தமே வேண்டாம்!"

பிரிண்டர் குதித்த குதியில் மேஜையே ஆடியது. நிம்மதியாக மூச்சை விட்டுக் கல்யாணப் படத்தை அச்சடித்தது. புடவை மறுபடியும் ஆரஞ்சு!

"அப்போ நான் அளந்தது யாரைப்பா?" என்று திகைத்தது கருவி.

"அது... நீங்க வந்திருக்கீங்களேன்னு..." பிரிண்டர் கூசிப்போனது.

இன்னொரு சோதனைத் தாள் ஓடியது. இம்முறை சிவப்பு தன் போக்கில் வழிந்தது. முதல் கட்டத்தைத் தொட்டதுமே கருவி துள்ளியது.

"அட, இதுதான் நீயா! இனிமே உன்கிட்ட சிவப்பைக் குறைச்சே கேட்கணும்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடறேன். நீ உன் இஷ்டத்துக்கு ஊத்து!"

அடுத்த படம் வெளியே வந்தது. புடவை அசல் மாம்பழம்! பிரிண்டர் ஆனந்தத்தில் கடகடத்தது.

"சரி, அடுத்தது நீ" என்று கருவி மானிட்டர் பக்கம் திரும்பியது.

மானிட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டது.