ஸ்கீவ நகரில் ஒரு கவியரங்கம்

1988 ஒக்டோபர். டென்மார்க்கின் ஸ்கீவ நகரத் தேவாலய மண்டபத்தில் தமிழர்களின் மாதாந்தக் கவியரங்கம் நிரம்பி வழிகிறது. தலைப்பு இலையுதிர்காலம். யன்னலுக்கு வெளியே மரங்கள் செம்பு நிறத்தில் எரிய, கடைசி வரிசைக்குப் பின்னால் பவளராணி தேநீர் ஊற்றுகிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மன்னாரில் இருக்கிறார்கள். அவர்களை இங்கே கூப்பிட அவள் போட்ட விண்ணப்பத்துக்குப் போன வருஷத்திலிருந்து பதிலே இல்லை. மேடையில் கவிஞர் தவராஜா குரலைக் குழைக்கிறார்: “அனுமதி வராத குழந்தைகள், கிளை பிரிந்த இலைகள்…” சபை “ஆகா!” என்கிறது. “இன்னொருக்கா!” என்று ஒருவர் கத்துகிறார். பவளராணி ஊற்றும் தேநீர் கோப்பை நிரம்பி மேசையெல்லாம் சிந்துகிறது. கேத்திலை வைத்துவிட்டு நேரே மேடையடிக்கு நடக்கிறாள்.

“என்ரை பிள்ளையள் இலையில்லை, அண்ணை. வெடிச்சத்தம் கேட்டா அதுகள் கட்டிலுக்குக் கீழை போய்ப் படுக்குதுகள். அதுக்கோ ஆகா எண்டுறியள்?”

“தங்கச்சி, இது கவிதை…”

“அப்ப பேரைப் போட்டு வாசியுங்கோ. மூத்தவள் மேர்சி. இளையவன் ஜோனாஸ்.”

தவராஜா தலை குனிந்து தாளை மடிக்கப் பார்க்கிறார்.

“மடிக்காதேங்கோ,” என்கிறாள். “வாசியுங்கோ.”