பொன்னி எறிந்தது

பொன்னி கையை ஓங்கி எறிந்ததை எஸ்.ஐ. ஆனந்தராஜ் நேரிலேயே பார்த்தார். மாதா தேரின் மரச்சட்டத்தில் அது 'டக்'கென்று பட்டு உள்ளே விழுந்தது.

"நிறுத்துங்க தேரை."

தேர் நின்றது. பேண்டுக்காரர்கள் பாதிப் பாட்டில் வாத்தியத்தை இறக்கினார்கள். இரண்டு பெண் போலீஸ் பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமம். நாலு மாதத்துக்கு முன்னால் தேர்தலில் ஜெயித்த கட்சியின் ஊர்வலம் மாதா கோயில் வாசலில் வெடி வைத்தது. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கடைசியில் கல் பறந்தது. ஒரு கல் சகாய பிரவீனின் இடது கண்ணில் பட்டது. அவன் சண்டைக்குப் போனவனே இல்லை. போதும் நிறுத்துங்க என்று சொல்லக் கோயில் கேட்டுக்கு வந்தவன். இன்றைக்கும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருக்கிறான். பார்வை திரும்பும் என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை.

கல்லை எறிந்தது யார்? மனித உரிமைக் குழுவினர் சென்னையிலிருந்து வேனில் வந்து, ஊர்வலம் கிளம்பிய மேலத் தெருவில் வீடு வீடாகக் கேட்டார்கள். மேலத் தெரு மொத்தமும் அந்த நேரத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்ததாம். ஊரில் அவ்வளவு வேர்க்கடலை விளையவே இல்லை. சாட்சி கிடைக்கவில்லை என்று கேஸை மூட இந்த வாரம் ஸ்டேஷனில் காகிதம் தயார்.

இந்த லட்சணத்தில்தான் தேர்த் திருவிழா. பத்து போலீஸ், வெடி கூடாது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் மாதா கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். மாதாவுக்கே நேரம் குறித்துக் கொடுத்த முதல் அதிகாரி ஆனந்தராஜ்தான்.

பொன்னி சாதாரண ஆளில்லை. ஜெயித்த கட்சியின் கிளைச் செயலாளர் பெரியதம்பியின் மனைவி. எஸ்.ஐ.க்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"என்னம்மா எறிஞ்ச?"



கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியதம்பி வந்தார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க எந்த வம்புக்கும் போறதில்ல சார். அவ மல்லாட்டை காயவச்சிக்கினு..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

எறிந்த கல்லை எடுத்து வரச் சொன்னார் எஸ்.ஐ. பூட்ஸ் காலோடு தேரில் ஏற கான்ஸ்டபிள் தயங்கினார். தேருக்குப் பொறுப்பாக நின்ற தொம்மை ஏறினார். பிரவீனின் அப்பா.

மாதா காலடியிலிருந்து அவர் எடுத்தது கல் இல்லை. முடிச்சுப் போட்ட சின்னத் துணி. பிரித்தார். உப்பு, மிளகு, நடுவில் திண்டிவனம் கடைத்தெருவில் விற்கும் வெள்ளிக் கண் ஒரு ஜோடி.

தேருக்கு உப்பு மிளகு போடுவது ஊர் வழக்கம். எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் போடுவார்கள். கண் நோவு தீர வேண்டிக்கொண்டால் வெள்ளிக் கண்ணும் சேர்த்துப் போடுவார்கள். இந்த வருஷம் மேலத் தெருவிலிருந்து ஒரு மிளகுகூடப் போகக் கூடாதென்று கட்டளை போட்டவர் சாட்சாத் பெரியதம்பி.

"உனக்குக் கண்ணுல என்னம்மா?" என்றார் எஸ்.ஐ.

"எனக்கு ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் யாருக்கு?"

பொன்னி நிமிர்ந்து தொம்மையைப் பார்த்தாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பெண் போலீஸ் தானாகவே கையை விட்டார்கள்.

தேரை எடுக்கச் சொன்னார் எஸ்.ஐ. ஆனால் தொம்மை இறங்குகிற வழியாக இல்லை. பூக்குவியலைத் துழாவிக்கொண்டிருந்தார். இன்னொரு முடிச்சு வந்தது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஒன்பது. எல்லாவற்றிலும் வெள்ளிக் கண். ஒன்று மட்டும் கட்சித் துண்டின் கிழிசலில் கட்டியிருந்தது.

பெரியதம்பி மின்சாரக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். பொன்னி அவரைப் பார்த்தாள். நாலு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவள் வேண்டியது அவருக்குத் தெரியாது, அவர் வேண்டியது இவளுக்குத் தெரியாது.

கூட்டத்தில் பெண்கள் அழுதே விட்டார்கள். மேலத் தெருவுக்கும் மனசு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அமைதிக் கமிட்டிக்கு அனுப்ப இதைவிட நல்ல போட்டோ கிடைக்காதென்று கான்ஸ்டபிள் செல்போனை எடுத்தார்.

தொம்மை தேரில் நின்றபடியே பேசினார்.

"என் புள்ளைக்காக இத்தினி பேர் வேண்டிக்கினு இருக்கீங்க. நல்லா இருங்க. ஆனா மாதா கோர்ட்டுக்கு வர மாட்டாங்க. உங்கள்ல யாராச்சும் ஒருத்தர்தான் வரணும்."

அழுகை சட்டென்று நின்றது. மேலத் தெருக்காரர்கள் பலருக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பொன்னி மட்டும் நகரவில்லை. பெரியதம்பி வந்து முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறினாள்.

"எழுதிக்குங்க சார். கல்லு எறிஞ்சதை நான் பார்த்தேன்."

எஸ்.ஐ. பேனாவைத் தேடி எடுத்தார். "யாரும்மா?"

"பேரு கோகுலகிருஷ்ணன். வயசு இருபது. அப்பா பேரு பெரியதம்பி."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் சொன்னாள்.

"அம்மா பேரு பொன்னி."