மணல்சட்டி

டிரோன் பறக்கவிடும் நண்பர்களிடம் பரணிதரன் ஓயாமல் சொல்வான்: உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடாதே, எதைப் போட்டாலும் பக்கத்தை விட்டு நகராதே. அன்று சாயங்காலம், இந்த ஒரு தடவைதானே என்று, உப்பியிருந்த ஒன்றைச் சாமி அலமாரிக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். வெளியே வந்தபோது அலமாரி எரிந்துகொண்டிருந்தது. நனைத்த போர்வையைப் போட்டு அணைத்தான். கோயிலுக்குப் போயிருந்த மனைவி வசுமதி திரும்புவதற்குள், கருகிய பேட்டரியைப் பால்கனியிலிருந்த மணல்சட்டிக்குள் புதைத்தான். பேட்டரிகளைப் பத்திரமாக வைக்க அவள் வாங்கித் தந்த சட்டி அது. அதுவரை அவன் அதைத் தொட்டதே இல்லை. அக்கம்பக்கத்தார் கூடி நின்ற வாசலில் வசுமதி கையைப் பிசைந்தாள். "என் தப்புதாங்க. விளக்கைக் குளிர வைக்காமப் போயிட்டேன்." எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "பரவால்ல, விடு" என்றான். தங்கமான மனுஷன் என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. அதன் பிறகு அவள் விளக்கேற்றவே இல்லை. பத்தாம் நாள் கார்த்திகை. அகலைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் வந்து நின்றாள். "இன்னிக்கும் ஏத்தாம இருக்கக் கூடாதுங்க. உங்க மணல்சட்டியில வச்சு ஏத்திக்கவா? மணல்ல இருந்தா பயமில்லைன்னு நீங்கதானே சொல்வீங்க." அவன் வாயைத் திறந்தான். "ம்" என்பதுதான் வந்தது. சட்டியை அவளே தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். அகல் சாயாமல் உட்கார வேண்டுமென்று, மணலை விரல்களால் ஆழமாகத் தோண்டத் தொடங்கினாள்.