கம்பி போடாத பல்

மட்டாஞ்சேரி பல் டாக்டர் சிவசங்கரனுக்குத் தன் பல்வரிசையில் ஏகப் பெருமை. வயதான பிறகு கம்பி போட வருகிறவர்களைக் கண்டால் அவ்வளவு இளப்பம். 1983 ஜூனில் நாற்பத்தொரு வயது கமலாக்ஷி டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருந்தது.

“இந்த வயசுல கம்பியா? கல்யாண ஆலோசனை ஏதாவது வந்துடுத்தோ?” என்று டாக்டர் சிரித்தார்.

கம்பி போடவில்லை. ஒப்புக்குப் பல்வரிசையைப் பிளாஸ்டரில் அச்செடுத்து அலமாரியில் வைத்தார். “மாசாமாசம் வந்து காட்டுங்கோ,” என்றார். இப்படிச் சொன்னால் கிழடுகள் அலுத்துப்போய் நின்றுவிடும்.

டீச்சர் நிற்கவில்லை. ஓணத்துக்குள் அவள் பல் பாதி இறங்கியிருந்தது. அச்சைத்தான் சரியாக எடுக்கவில்லை என்று டாக்டர் முடிவுகட்டினார். அந்த மாதங்களில் சாப்பிடும்போது அவர் அடிக்கடி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டிசம்பரில் டீச்சரின் பல்வரிசை நேராகிவிட்டது. “ரொம்ப உபகாரம் டாக்டர்,” என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

குப்பையில் போட அச்சை எடுத்த டாக்டர், சுவர்க் கண்ணாடி முன் நின்றுவிட்டார். அச்சைக் கன்னத்தோரம் பிடித்து, பல்லைக் காட்டிப் பார்த்தார். இரண்டிலும் அதே பல் ஏறியிருந்தது.

“அடுத்தது ஆரு?” என்று கூப்பிட்டபோது அவர் கை வாயைப் பொத்தியிருந்தது.