நாய்க்குத்தான்

அன்வர் பாய் கடையில் எப்போதும் தொடைக்கறி வாங்கும் அமலி, கோழி விலை ஏறியதும் கழுத்துக்கும் ஈரலுக்கும் இறங்கினாள். அதுவும் ஏறிய பிறகு, "நாய்க்குப் போடணும் பாய், வெட்டித் தூக்கிப்போடுற காலு இருந்தா குடுங்க" என்று தினமும் வந்து நின்றாள். அவள் வீட்டில் நாய் இல்லை என்று பாய்க்குத் தெரியும். வெட்டுக்கட்டைக்கு அடியில் படுத்திருந்த செவலை நாய்க்கும் தெரியும். அந்தக் கால்களைத் தின்றுதான் அது வளர்ந்தது. பத்து நாள் பட்டினியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்று எகிறி, கால்கள் இருந்த பையைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டைக் கவ்வியது. பல் எலும்பில் இடித்தது. "பைய விட்டுரும்மா!" என்று அலறிய பாய், கத்தியைத் திருப்பி அதன் முதுகில் அடித்தார். நாயும் விடவில்லை, அமலியும் விடவில்லை. அவள் குனிந்து நாயின் காதைக் கடித்தாள். கடித்ததைத் துப்பியபோது அது ஊளையிட்டுக்கொண்டு தெருவில் ஓடியது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கிழிந்த பைக்கு முடிச்சுப் போட்டாள். வரிசையில் அடுத்து நின்ற, இஸ்திரி கலையாத சட்டைக்காரர் தரையில் கிடந்த காதுத்துண்டைத் தாண்டி முன்னால் வந்தார். "எனக்கும் நாய்க்குத்தான் பாய்," என்றார். "நகத்த மட்டும் வெட்டிருங்க."