நூறு பவுண்டுக்கு எத்தனை பார்?

டெலிபோன் அடித்ததும் சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் ஒன்றும் தூங்கவில்லை. மேஜையில் தலைசாய்த்துக் கண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். வீட்டில் கைக்குழந்தைகள் இரண்டு, இரட்டை. ராத்திரி முழுக்க முறைவைத்துக்கொண்டு அழும்.

"மேடம், பாய்லர்லேர்ந்து பேசறேன். எண்பது பவுண்டுன்னா எத்தனை பார்?"

"அஞ்சரைண்ணே. காலையிலயும் இதையேதானே கேட்டீங்க?"

"அது நூறு பவுண்டுக்கு, மேடம்."

"நூறுக்கு ஏழு, எண்பதுக்கு அஞ்சரை. பதினாலரையால வகுத்தா வந்துட்டுப் போகுது. எத்தனை தடவை சொல்றது?"

"மண்டையில நிக்க மாட்டேங்குது மேடம்."

பழைய பாய்லர் நீராவி அழுத்தத்தைப் பவுண்டில் காட்டியது. புதியது வந்ததும் எல்லாவற்றையும் பார் கணக்கில் சொல்லச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சலவை ஆலையில் எல்லாரும் பழகிவிட்டார்கள், இவர் ஒருத்தரைத் தவிர. தினமும் இதே ரோதனை.

போனை வைத்த சூட்டோடு மேனேஜர் உள்ளே தலையை நீட்டினார். அந்த மனுஷர் எப்போதும் இப்படித்தான், சத்தம் காட்டாமல் வந்து நிற்பார்.

"பாய்லர்ல ஒரு ஆளைக் குறைக்கணும்மா. யாருன்னு நீங்களே சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க. ஸ்டோர்ல தூங்கினவரை அனுப்பினோமே, அந்த மாதிரி ஒரு காரணம் இருந்தா எனக்கும் சுலபம்."

"சரி சார்."

யோசிக்க என்ன இருக்கிறது? பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு மண்டையில் ஏறாத ஒருத்தரை நம்பிக் கொதிக்கிற பாய்லரை எப்படி விடுவது? முதுகுக்குப் பின்னால் சொல்ல மனசு வராமல், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள்.

பாய்லர்காரர் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"அண்ணே, ஆள் குறைக்கறாங்க. உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். வேற வழியில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சரி மேடம்."

அதற்குமேல் அங்கே நிற்கச் சங்கடமாக இருந்தது. திரும்பியபோதுதான் பாய்லர் மேலிருந்த கேஜ் கண்ணில் பட்டது. வெளிவட்டத்தில் கறுப்பு எண்கள், பார். உள்வட்டத்தில் சிவப்பு எண்கள், பவுண்டு. ஒரே முள் இரண்டையும் காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுல ரெண்டுமே போட்டிருக்கே."

"ஆமா மேடம்."

"அப்புறம் எதுக்கு தினமும் போன் பண்ணி என் உயிரை வாங்கறீங்க?"

அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"இந்த ஸ்டூல்ல உக்காந்தா உங்க ரூம் ஜன்னல் தெரியும் மேடம். மேனேஜர் ரூம் கதவும் தெரியும்."

அவள் எட்டிப் பார்த்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய மேஜை, நாற்காலி, டெலிபோன், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"மேனேஜர் உங்க பக்கம் கிளம்பறப்ப நீங்க அசந்திருந்தா மனசு கேக்காது. எழுப்பத்தான் கூப்பிட்டேன்னு சொன்னா உங்களுக்குக் கூச்சமா இருக்குமே, அதான் கணக்குக் கேட்டேன்."